ஸ்கேனர் வாங்குமுன் ட்ரங்குப் பெட்டியைத் திறக்க வேண்டும்

வேலூர் சாயிநாதபுரத்தில் எங்கள் வீட்டுப் பரண்மேல் நெடுங்காலம் கிடந்த தகர ட்ரங்குப் பெட்டியைக் கீழே இறக்கியபோது, அதற்குள் மூன்று வகைப் பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அடியில் ‘வட ஆற்காடு ஜில்லா, குடியாத்தம் தாலுகா’ என்று தொடங்கும் கிரயப் பத்திரங்கள். அவற்றின்மேல் பழைய துணிக்கடைப் பையில் சுற்றிய புகைப்படங்கள், அவற்றோடு சட்டம் போட்ட தாத்தாவின் படம். எல்லாவற்றுக்கும் மேலே, பட்டர் பேப்பர் உறைகளில் செருகிய நெகட்டிவ்கள். வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் இரண்டாகப் பிரிந்தது. அதில் வேலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பகுதி 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. அந்தப் பழைய பெயர் இன்று பத்திரங்களில்தான் உயிரோடிருக்கிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்டு ஓடியதைப் பார்த்த பிறகுதான், இவற்றுக்கெல்லாம் ஒரு நகலாவது வேறிடத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கள் வீட்டில் உறுதிப்பட்டது.

ஸ்கேனர் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, “இது எத்தனை டிபிஐ?” என்பதுதான். ஓர் அங்குலத்தை எத்தனை புள்ளிகளாகப் பிரித்துப் படிக்கும் என்பதைச் சொல்லும் அந்த எண், அட்டைப்பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சாகியிருப்பதால் அதுவே கண்ணில் படுகிறது. ஆனால் எந்த ஸ்கேனர் நம் வீட்டுக்குப் பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு கேள்விகள்: ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, அதைப் படிக்கும் சென்சார் எந்த வகை. இந்த இரண்டையும் புரிந்துகொண்டவர் தேவையில்லாத ஓர் எண்ணுக்காகப் பணத்தைக் கொட்ட மாட்டார்.

பத்திரமும் புகைப்படமும் தம்மீது விழும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் நமக்குத் தெரிகின்றன. நெகட்டிவ் அப்படியல்ல, அதன் ஊடாக ஒளி புகுந்து வெளிவந்தால்தான் உருவம் தெரியும். தாளைக் கண்ணாடிமேல் கவிழ்த்து வைக்கும் சாதாரண ஃபிளாட்பெட் ஸ்கேனரில் விளக்கு கண்ணாடிக்குக் கீழே மட்டும் இருப்பதால், அதன்மேல் நெகட்டிவை வைத்து எத்தனை டிபிஐயில் ஓட்டினாலும் கறுத்த பட்டைதான் மிஞ்சும். ஃபிலிமைப் படிக்க வேண்டுமானால் ஸ்கேனரின் மூடிக்குள் இன்னொரு விளக்கு இருந்தாக வேண்டும். மூடிக்குப் பதிலாகக் கைபேசியின் வெளிச்சத் திரையை நெகட்டிவின்மேல் கவிழ்த்து வைக்கும் உபாயத்தைச் சிலர் சொல்வார்கள்; அதில் திரையின் புள்ளிகளே படத்தில் பதிந்துவிடுகின்றன என்பதால் அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

அடுத்தது சென்சார். குறைந்த விலையில் கிடைக்கும் மெல்லிய ஸ்கேனர்கள், கேனன் லைடு 300 போன்றவை, சிஐஎஸ் என்ற வகையைச் சேர்ந்தவை. இவற்றில் சென்சார் வரிசை கண்ணாடியை ஒட்டியே நகர்கிறது. தனி அடாப்டர் வேண்டாம், யூஎஸ்பி வயரிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும், விளக்கு சூடாவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கோடையில் கரண்ட் போனாலும் மடிக்கணினியின் பேட்டரியிலேயே வேலை நடக்கும் என்பது நம் ஊரில் சிறிய வசதியன்று. இதன் குறை ஒன்றே: கண்ணாடியோடு ஒட்டிப் படிந்திருக்கும் பொருள் மட்டுமே தெளிவாக விழும், ஒரு மில்லிமீட்டர் மேலே எழும்பினாலும் கலங்கத் தொடங்கும். சிசிடி வகையில் ஆடிகளும் லென்ஸும் வைத்து உருவத்தைச் சுருக்கிச் சென்சாருக்கு அனுப்புகிறார்கள். அதனால் கருவி தடிமனாகவும் கனமாகவும் இருக்கிறது, விலையும் ஏறுகிறது. ஆனால் கண்ணாடியிலிருந்து சில மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதையும் அது தெளிவாகப் பார்க்கிறது.

இந்த வேறுபாடு ஏட்டில் படிக்கும்போது சிறியதாகத் தோன்றலாம். தாத்தாவின் படத்தை வைத்துப் பார்த்தபோதுதான் அதன் அளவு எனக்குப் புரிந்தது. பல ஆண்டுகள் சுவரில் மாட்டி, வெள்ளிக்கிழமைதோறும் சந்தனமும் குங்குமமும் வைத்துவந்த படம் அது. எத்தனையோ மழைக்காலங்களின் ஈரத்தில் புகைப்படத்தின் முகப்பகுதி சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. அப்படி ஒட்டிய படத்தை இழுத்தால் உருவம் தாங்கிய மேற்படலம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். ஆகவே பிரிக்கவே கூடாது. மரச்சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியின் வெளிப்புறத்தில் இறுகியிருந்த குங்குமக் கறையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, கண்ணாடியும் படமுமாக அப்படியே சிஐஎஸ் ஸ்கேனரில் கவிழ்த்தேன். சட்டக் கண்ணாடியின் தடிமன் இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். அதற்குள்ளாகவே தாத்தாவின் மூக்குக்கண்ணாடி விளிம்பு பஞ்சுபோல் கலங்கிவிட்டது. நண்பர் வீட்டிலிருந்த பழைய சிசிடி ஸ்கேனரில் அதே படத்தை வைத்தபோது, சட்டைப்பையில் செருகியிருந்த பேனாவின் கிளிப்புகூடத் தனியாகத் தெரிந்தது. இரண்டு கண்ணாடிகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் வானவில் போன்ற வளையங்கள் தோன்றுவதுண்டு. நான்கு மூலைகளிலும் மெல்லிய காகிதத் துண்டுகளை வைத்துச் சற்றே உயர்த்தினால் அவை மறைந்துவிடும். ஒட்டிப்போன சட்டப் படங்களும், வளைந்து விறைத்த பழைய அட்டைப் படங்களும், தடித்த புத்தகங்களும் உங்கள் பெட்டியில் அதிகம் என்றால், டிபிஐ குறைவாக இருந்தாலும் சிசிடி ஸ்கேனர்தான் சரியான தேர்வு.

இனி டிபிஐக்கு வருவோம். போஸ்ட் கார்டு அளவுள்ள, அதாவது 4-க்கு 6 அங்குலப் புகைப்படத்தை 300 டிபிஐயில் எடுத்தால் 1200-க்கு 1800 புள்ளிகள், ஏறத்தாழ 2 மெகாபிக்சல் கிடைக்கும். அதே அளவில் திரும்ப அச்சிட இது போதும். 600 டிபிஐயில் எடுத்தால் 8.6 மெகாபிக்சல், இரண்டு மடங்கு பெரிதாக்கி அச்சிடலாம். கலர் லேபில் போட்ட பெரும்பாலான பிரிண்ட்களில் இதற்குமேல் எடுக்க நுணுக்கம் எதுவும் இல்லை. 2400 டிபிஐயில் ஓட்டினால் காகிதத்தின் நாரும் தூசியும்தான் பெரிதாகும். ஒரு விதிவிலக்கு உண்டு. ஓரங்களைப் பல்பல்லாக வெட்டிய, உள்ளங்கைக்குள் அடங்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பல, நெகட்டிவை நேரடியாகத் தாளின்மேல் வைத்து அச்சிட்டவை. அவை மிகக் கூர்மையானவை என்பதால் 1200 டிபிஐயில் எடுப்பதே நியாயம். தேன்கூடு போன்ற சொரசொரப்புள்ள தாளில் போட்ட கல்யாணப் படங்களோ வேறு வகைத் தொல்லை. ஒளி ஒரு பக்கத்திலிருந்தே விழுவதால் மேடுகளெல்லாம் வெள்ளைப் பொட்டுகளாக மின்னும். படத்தைத் தலைகீழாகத் திருப்பி இரண்டாம் முறையும் எடுத்து, மென்பொருளில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் அந்த மினுமினுப்பு பெருமளவு தணிகிறது.

ஆவணங்களுக்கு 300 டிபிஐ போதும். அதற்குத் தனி ஸ்கேனர் வேண்டுமா என்பதையே முதலில் யோசிக்க வேண்டும். இங்க் டேங்க் வகை ஆல் இன் ஒன் பிரிண்டர் வைத்திருக்கும் வீடுகளில், அதன் மூடிக்கடியில் ஏற்கெனவே ஒரு சிஐஎஸ் ஸ்கேனர் இருக்கிறது. 600 டிபிஐயில் படிக்கும் திறன் அவற்றில் பொதுவாக உண்டு. சான்றிதழுக்கும், ரேஷன் கார்டு நகலுக்கும், சாதாரணப் புகைப்படத்துக்கும் அது தாராளம். அதை வைத்துக்கொண்டு இன்னொரு மலிவு ஸ்கேனரை வாங்குவது வீண் செலவு. பட்டாவும் வில்லங்கச் சான்றும் அரசின் இணையதளங்களிலிருந்தே எடுக்கக்கூடியவை என்பதால் அவற்றை ஸ்கேன் செய்யும் தேவையும் குறைந்துவிட்டது.

பழைய பத்திரங்கள்தாம் கவனம் கேட்பவை. முத்திரைத்தாள் ஏ4 தாளைவிட நீளமானது. வீட்டு ஸ்கேனர்களின் கண்ணாடியோ பெரும்பாலும் 216-க்கு 297 மில்லிமீட்டர். ஆகவே கீழே இருக்கும் கையெழுத்துகளும் சாட்சிகளின் பெயர்களும் வெளியே நின்றுவிடும். மேல் பாதியை ஒரு முறையும், தாளை நகர்த்தி நாலைந்து வரிகள் மறுபடி விழும்படி கீழ்ப் பாதியை இன்னொரு முறையும் எடுத்து இணைக்க வேண்டும். தாளைத் தானே உள்ளிழுக்கும் ஃபீடர் வைத்த ஸ்கேனர்கள் நீளத்தைச் சமாளிக்கும். ஆனால் மடிப்பில் நைந்த தாளுக்கு அவை எமன். எங்கள் பத்திரங்களில் ஒன்றை ஜெராக்ஸ் கடையில் ஃபீடரில் செருகி, நடு மடிப்பில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். சர்வே எண் இருந்த வரி தப்பியது என்றாலும், அந்தக் கிழிசலைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் மனம் பதறுகிறது. மூலப் பத்திரத்தின் இடத்தை எந்த ஸ்கேன் நகலும் எடுத்துக்கொள்ளாது என்பதால், மூலத்துக்குச் சேதம் விளைவிக்கும் எந்த வசதியும் நமக்கு வேண்டாம்.

பத்திரங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுக்காமல் கலரிலேயே எடுங்கள். பதிவு அலுவலகத்தின் ஊதா முத்திரை, மங்கிய பெருவிரல் ரேகை, வெளிறிய மசி ஆகியவை கலரில்தான் பிரிந்து தெரியும். தட்டச்சிலோ அச்சிலோ உள்ள தமிழைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்ற, இலவசமான டெஸராக்ட் மென்பொருளும் கூகுள் டிரைவும் உதவுகின்றன. கையெழுத்துக்கும் தமிழ் எண்களுக்கும் அவற்றை நம்ப முடியாது. சித்தூர்ப் பக்கம் 1911 வரை வட ஆற்காட்டோடு இருந்தது. எனவே சில குடும்பங்களின் மூலப் பத்திரம் தெலுங்கில் இருக்கலாம். அப்போது மென்பொருளில் மொழியை மாற்றிக் கொடுக்க மறக்கக் கூடாது.

கைபேசியை நான் ஒதுக்கவில்லை. நல்ல பகல் வெளிச்சத்தில் சமதளத்தில் வைத்து எடுத்த படம், விண்ணப்பத்தோடு இணைப்பதற்குப் போதுமானது. சுவரில் மாட்டிய பெரிய படங்களுக்கு வேறு வழியுமில்லை. பாதுகாத்து வைப்பதற்கான நகல் என்று வரும்போதுதான் அது பின்தங்குகிறது. ஓரங்கள் வளையும், நம் கையின் நிழல் விழும், நிறம் படத்துக்குப் படம் மாறும்.

செலவும் குழப்பமும் மிகுந்தது ஃபிலிம் விஷயம்தான். நெகட்டிவை விளக்குக்கு எதிரே பிடித்து அதன் அகலத்தை அளந்து பார்ப்பதுதான் இங்கே முதல் வேலை. இரு ஓரங்களிலும் பல்சக்கரத் துளைகள் உள்ளது 35 மில்லிமீட்டர் ஃபிலிம். ஒரு படம் 36-க்கு 24 மில்லிமீட்டர். துளைகளே இல்லாமல் ஆறு சென்டிமீட்டர் அகலத்தில் இருந்தால் அது 120 ஃபிலிம். நம் வீடுகளில் இந்த இரண்டாம் வகை எதிர்பார்ப்பதைவிட அதிகம். ஒரு தலைமுறை முழுவதும் கையாண்ட ஆக்ஃபா கிளிக் 3 கேமரா, ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்களாக இந்த ஃபிலிமில்தான் எடுத்தது. ஊட்டியில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் விற்ற காலம் அது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ஃபிலிம் ஸ்கேனர்களில் பெரும்பாலானவை 35 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்காது. வாங்கிவந்த பிறகு தாத்தா காலத்து நெகட்டிவ் அதில் நுழையவே நுழையாது என்று தெரிந்தால் பணம் போனதுதான்.

இனி கணக்கு. எப்சன் பெர்ஃபெக்ஷன் வி600 ஃபிலிமும் படிக்கும் சிசிடி ஃபிளாட்பெட். பெட்டியில் 6400 டிபிஐ என்று இருக்கும். சோதனைக் கோடுகளை வைத்து அளந்தவர்களுக்கு உண்மையில் கிடைத்தது அதில் நான்கில் ஒரு பங்கு, சுமார் 1500. அந்த 1500-ஐ வைத்துப் பார்த்தால் 35 மில்லிமீட்டர் படத்துக்கு 3 மெகாபிக்சல்தான் தேறும்; போஸ்ட் கார்டு அளவில் அச்சிடலாம், அதற்குமேல் இழுக்க முடியாது. அதே 1500, கிளிக் 3-இன் சதுர நெகட்டிவில் கிட்டத்தட்ட 11 மெகாபிக்சலாகிறது. அந்தக் கேமராவின் எளிய லென்ஸ் பதித்த நுணுக்கம் அத்தனையும் அதில் வந்துவிடும். ஆகவே 120 ஃபிலிம் வைத்திருப்பவருக்கு ஃபிளாட்பெட் நல்ல கருவி. 35 மில்லிமீட்டர் மட்டும் வைத்திருப்பவருக்கு அது அரைகுறைதான். பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் போன்ற தனி ஃபிலிம் ஸ்கேனர்கள் 7200 என்று சொல்லி அதில் பாதியளவு தருகின்றன. அது 35 மில்லிமீட்டருக்கு மிக நல்ல அளவு. ஆனால் காகிதத்தையோ 120 ஃபிலிமையோ அவை தொடாது. ஒவ்வொரு படத்துக்கும் சில நிமிடம் ஆவதால், 36 படச் சுருள் ஒன்று ஞாயிற்றுக்கிழமையின் பாதியை விழுங்கிவிடும்.

தூசியைத் தானாக நீக்கும் டிஜிட்டல் ஐஸ் என்ற வசதிக்காகக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் அதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். அகச்சிவப்பு ஒளி கலர் ஃபிலிமின் சாயத்தை ஊடுருவிச் செல்லும். தூசியும் கீறலும் அதை மறிக்கும். அந்த நிழலை வைத்துக் கறை எங்கே என்று கருவி கண்டுகொள்கிறது. கறுப்பு வெள்ளை ஃபிலிமிலோ உருவமே வெள்ளித் துகள்களால் ஆனது. வெள்ளியும் அகச்சிவப்பை மறிப்பதால், படத்தையே கறை என்று எண்ணிக் கருவி அழிக்கப் பார்க்கும். ஆக, ‘இந்து’ நெகட்டிவ்களுக்கு அந்த வசதியால் ஒரு பைசா பயனில்லை. கையால் ஊதித் துடைப்பதுதான் வழி. அதற்கும் நம் ஊரில் ஒரு முறை இருக்கிறது. கத்திரி வெயிலில் மின்விசிறியை நிறுத்த மனம் வராது. விசிறி ஓடினாலோ ஊதிய தூசி மறுநொடி ஃபிலிமில் வந்து அமரும். நான் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, விசிறியை அணைத்து, ரப்பர் ஊதுகுழலும் மென்தூரிகையுமாக உட்கார்ந்து ஏழுக்குள் முடித்துவிடுவேன். வாயால் ஊதினால் எச்சில் துளி படியும்; துணியால் துடைத்தால் கீறல் விழும்.

குறைந்த விலையில் திரையோடு வரும் சிறு ஃபிலிம் பெட்டிகள் உண்மையில் ஸ்கேனர்கள் அல்ல. பின்னால் விளக்கு வைத்த சிறு கேமராக்கள். எந்த நெகட்டிவில் யார் இருக்கிறார்கள் என்று விரைவாகப் பார்க்க உதவும். வெளிச்சமான இடங்கள் வெளுத்துப்போவதால் பாதுகாக்கும் நகலுக்கு ஆகாது. மாறாக, வீட்டிலோ உறவிலோ, மிக அருகிலிருந்து படமெடுக்க உதவும் மேக்ரோ லென்ஸோடு நல்ல கேமரா வைத்திருப்பவர் இருந்தால், கல்யாணப் படமெடுக்கும் தம்பி ஒருவராவது எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார், சீரான ஒளிப்பலகையின்மேல் நெகட்டிவைத் தட்டையாக வைத்துச் செங்குத்தாக எடுத்துவிடலாம். முறையாகச் செய்தால் வி600 தருவதைவிட 35 மில்லிமீட்டரில் இது தெளிவானது.

என் தீர்ப்பு இதுதான். பெட்டியில் காகிதமும் தட்டையான புகைப்படங்களும் மட்டும் இருந்து, வீட்டில் ஆல் இன் ஒன் பிரிண்டரும் இல்லையென்றால், மலிவான சிஐஎஸ் ஸ்கேனரே போதும். நெகட்டிவ் நூறுக்குள் என்றால் அவற்றுக்காகக் கருவி வாங்க வேண்டாம்; தேர்ந்தெடுத்துக் கேமராவில் எடுங்கள், அல்லது நல்ல லேபில் கொடுங்கள். ஒட்டிய சட்டப் படங்களும் 120 நெகட்டிவ்களும் கலந்து நூற்றுக்கணக்கில் இருந்தால் மட்டுமே சிசிடி ஃபிளாட்பெட்டுக்குப் பல மடங்கு விலை கொடுப்பது தகும். அப்போதும் அண்ணன் தம்பி வீடுகள் சேர்ந்து ஒன்றை வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம் என்பேன். வேலை முடிந்தபின் அது சும்மா கிடக்கும் பொருள்தானே.

சேமிப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. போஸ்ட் கார்டு அளவுப் படம் 600 டிபிஐயில், சுருக்காத டிஃப் கோப்பாக 26 எம்பி வரும். ஐநூறு படங்கள் 13 ஜிபி. கறுப்பு வெள்ளைக்கு இவ்வளவும்கூட ஆகாது. நிறம் மங்கிய கலர் நெகட்டிவ்களை மட்டும், நிறத்தை இன்னும் நுண்ணிய படிகளில் பதியும் 48 பிட்டில் எடுத்துவைத்தால் பின்னால் நிறத்தை மீட்கும்போது படம் பட்டைபட்டையாகப் பிரியாது. ஒரு நகல் வீட்டில், இன்னொன்று வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சிசிடி ஸ்கேனரைப் பழையதாக வாங்கக் காட்பாடியில் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் மடிக்கணினியையும் ஒரு துண்டு நெகட்டிவையும் கையோடு கொண்டுபோக வேண்டும். மூடி விளக்கு எரிகிறதா, ஃபிலிம் சட்டங்கள் எல்லாம் இருக்கின்றனவா, அடாப்டர் அதனுடையதுதானா, கண்ணாடியின் உட்புறம் புகை படிந்ததுபோல் மங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைத் தாளை ஸ்கேன் செய்தால் நெடுக்கில் கோடு விழக் கூடாது. கணினியோடு இணைந்து இயங்க வேண்டிய டிரைவர் மென்பொருளை நிறுவனம் கைவிட்ட பழைய மாடல்கள் பலவற்றை வியூஸ்கேன் என்ற மென்பொருள் இயக்கும். அதற்கு ஆகும் காசையும் பேரத்தில் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பல மாடல்களில், உள்ளே நகரும் பகுதி ஆடாமல் பிடித்துவைக்கும் பூட்டு ஒன்று அடியிலோ பின்புறத்திலோ இருக்கும். கடையிலிருந்து கிளம்புமுன் அதைப் பூட்டிவிட்டு, வீட்டில் மின்சாரம் கொடுக்குமுன் மறக்காமல் திறந்துவிடுங்கள்.